கழுத்தருகே ஒரு ஓசை

“காப்பாத்திட்டான்ல, அப்புறம் எதுக்குத் தம்பி அழறான்?”

‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ படத்தை மகனோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, மறுநாள் டீக்கடையில் என்னிடம் இப்படிக் கேட்டார் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர். படத்தின் கடைசிச் சண்டை சுதந்திர தேவி சிலையைச் சுற்றி நடக்கிறது. மூன்று ஸ்பைடர்மேன்கள். சாரக்கட்டிலிருந்து எம்ஜே விழுகிறாள். அவளுடைய காதலனான ஸ்பைடர்மேனால் அவளை எட்டிப்பிடிக்க முடியவில்லை. வேறு உலகத்திலிருந்து வந்த இன்னொரு ஸ்பைடர்மேன், ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், பாய்ந்து பிடித்து இறக்கிவிடுகிறான். இறக்கிவிட்டுக் கண் கலங்கி நிற்கிறான். அவள்தான் அவனைப் பார்த்து “நீ நல்லாத்தானே இருக்கே?” என்கிற மாதிரி கேட்கிறாள். மகன் விசிலடித்தானாம். இவருக்கு ஒன்றும் புரியவில்லையாம்.

நியாயமான கேள்வி. ஆனால் பதில் அந்தப் படத்தில் இல்லை. 1973-க்குப் போக வேண்டும். இரண்டு டீ சொன்னேன்.

“ஸ்பைடர்னா எனக்குத் தெரியும் தம்பி, காது கூரா இருக்கும், வலைத் துப்பாக்கி வெச்சிருப்பான்” என்று ஆரம்பித்தார். சார் சொன்னது தமிழில் லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர். அவர் வேறு ஆள், பிரிட்டன்காரர். 1965-ல் அங்கே வந்த ‘லயன்’ என்ற வாரப் பத்திரிகையில் குற்றவாளிகளின் ராஜாவாக வேண்டும் என்று கிளம்பி, போகப் போகக் குற்றவாளிகளையே பிடிக்க ஆரம்பித்தவர். அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல் என்று சொன்னதும் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர் அந்த சீகல். நாம் சின்ன வயதில் கையில் வைத்திருந்த சாணித்தாள் புத்தகத்துக்குள் எப்பேர்ப்பட்ட ஆள் இருந்திருக்கிறார், பாருங்கள். அது தனிக் கதை.

நம் ஸ்பைடர்மேன் அமெரிக்கர். மார்வெல் காமிக்ஸின் 1962 ஆகஸ்ட் இதழ் ஒன்றில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அறிமுகப்படுத்திய பீட்டர் பார்க்கர். காசில்லாத படிக்கிற பையன், அத்தை வளர்ப்பு. 1965 டிசம்பர் இதழில், பீட்டர் கல்லூரியில் சேரும்போது, க்வென் ஸ்டேசி வருகிறாள். போலீஸ் கேப்டன் மகள், பொன்னிறக் கூந்தல். கொஞ்ச காலத்தில் அவள்தான் பீட்டரின் காதலி. வாசகர்கள் கல்யாணத் தேதிக்குக் காத்திருந்தார்கள்.

அங்கேதான் கதை எழுதுகிறவர்களுக்குச் சிக்கல். கல்யாணம் ஆனால் பீட்டருக்கு வயதாகிவிடும். ஆகாமலே இழுத்தால் வாசகருக்குச் சலித்துவிடும். முதலில் மே அத்தையைக் கொன்றுவிடலாமா என்று யோசித்திருக்கிறார்கள். ஓவியர் ஜான் ரொமிட்டா அதை ஏற்கவில்லை. அத்தை போனால் பீட்டருக்கு ஒரு கவலை குறையும், அவ்வளவுதான். மனசில் தைக்க வேண்டுமானால் க்வென் போக வேண்டும் என்றார். அப்போது கதையை எழுதிக்கொண்டிருந்த ஜெர்ரி கான்வேக்கு வயது இருபதைச் சுற்றித்தான். அவரும் சரி என்றார். இந்த முடிவு யாருடையது, யாருக்கு முன்பே தெரியும் என்பதில் சம்பந்தப்பட்டவர்கள் பிற்காலத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். வாசகர்களின் கோபம் அப்படி.

ஸ்பைடர்மேன் இதழ் எண் 121, 1973 ஜூன். அட்டையில் ஸ்பைடர்மேனைச் சுற்றி அவனுக்கு வேண்டியவர்களின் முகங்கள். இவர்களில் ஒருவர் சாகப்போகிறார் என்று மட்டும் அட்டை சொல்கிறது. உள்ளே முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய கதைத் தலைப்பு இல்லை. கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் தலைப்பிலேயே செத்தவளின் பெயர் இருக்கிறது.

வில்லன் க்ரீன் காப்ளின் க்வெனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலத்தின் கோபுர உச்சியில் போடுகிறான். வசனத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம். ஓவியர் கில் கேன் வரைந்திருப்பதோ அச்சு அசல் ப்ரூக்ளின் பாலம். ஒன்று ஹட்சன் ஆற்றின் மேல், மற்றது ஈஸ்ட் ரிவர் மேல். ரசிகர்கள் ஐம்பது வருஷமாக இதற்கும் சண்டை போடுகிறார்கள், விடுங்கள். காப்ளின் தன் பறக்கும் வண்டியில் வந்து அவளை மோதித் தள்ளுகிறான். அவள் விழுகிறாள். ஸ்பைடர்மேன் மேலிருந்து வலையை வீசுகிறான். வலை அவள் காலைப் பிடித்துவிடுகிறது. உடம்பு வெடுக்கென்று நிற்கிறது.

அந்தக் கட்டத்தில், அவள் கழுத்துக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் ஒரு ஓசை: ‘ஸ்நாப்’.

அது எவ்வளவு சின்னது என்றால், ஓடிப் படிக்கிறவன் பார்க்காமலே போய்விடுவான். காமிக்ஸில் அடி விழுந்தால் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு எழுத்து வரும். இது அப்படி இல்லை. அந்தக் காலத்து மார்வெல் வழக்கத்தில் முதலில் கதைச் சுருக்கம் ஓவியருக்குப் போகும், அவர் வரைந்து முடித்த பிறகுதான் எழுதுகிறவர் வசனமும் ஓசையும் சேர்ப்பார். அதாவது, ஒரு பெண் காப்பாற்றப்படும் படம் ஏற்கெனவே வரைந்தாகிவிட்டது. அதன் மேல் எழுதிய சில எழுத்துகள் அவளைக் கொன்றுவிட்டன.

இதற்கு அடுத்த கட்டங்கள்தான் கொடுமை. ஓசை ஸ்பைடர்மேன் காதில் விழவில்லை. அவளை மேலே இழுத்துக்கொண்டே தன் திறமையைத் தானே மெச்சிப் பேசுகிறான். உயிரற்ற உடம்போடு ஜம்பம் அடித்துக்கொண்டிருக்கிறான் என்பது வாசகனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. மேலே வந்ததும் தெரிகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் முன்பே யாரும் செத்துவிடுவார்கள் என்று காப்ளின் எகத்தாளம் பேசுகிறான். அது சுத்தப் பொய். அப்படியானால் பாராசூட்காரர்கள் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் கொன்றது யார்? கடிதங்கள் குவிந்தன. நான்கு இதழ் கழித்து, 125-ஆம் இதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஆசிரியர் தரப்பு பதில் சொன்னது: வலை அவளைச் சட்டென்று நிறுத்தியபோது ஏற்பட்ட வெடுக்கென்ற இழுப்பில்தான் உயிர் போனது. ஒரு கதாநாயகன் காதலியைத் தன் கையாலேயே கொன்றுவிட்டான் என்ற செய்தியைக் கதைக்குள் சொல்லாமல் கடிதப் பகுதியில் சொன்னார்கள்! எனக்கு இன்றும் ஆறாத வியப்பு அது.

சார் டீயைக் கீழே வைத்துவிட்டு, “வலையில மாட்டினா எப்படித் தம்பி சாவா? பிடிச்சாச்சே” என்றார்.

நீங்கள் கிரிக்கெட்டில் பந்து பிடித்திருப்பீர்கள் சார். வேகமாக வருகிற பந்தைக் கையை விறைப்பாக நீட்டிப் பிடித்தால் விரல் போய்விடும். பந்தோடு சேர்த்துக் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வோம் இல்லையா? வேகம் அதே வேகம்தான். அது பூஜ்யமாவதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம். 90 மீட்டர் விழுந்தவளின் வேகம், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு 150 கிலோமீட்டர். அதை வலை அரை நொடியில் நிறுத்துகிறது என்று வையுங்கள். அந்த அரை நொடி முழுக்க அவள் எடையைப்போல் எட்டரை மடங்கு விசை. காலில் பிடித்திருக்கிறான், தலை தொங்குகிறது. கழுத்துக்கு ஆதரவே இல்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ், சூப்பர் ஹீரோக்களின் இயற்பியல் பற்றி 2005-ல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். ‘ஸ்நாப்’ சரி என்பதுதான் அவர் தீர்ப்பும்.

அதற்கு முந்தைய முப்பத்தைந்து வருஷ சூப்பர் ஹீரோ கதைகளில் விழுகிறவளை எட்டிப் பிடித்துவிட்டால் போதும், அவள் பிழைத்தாள். 121-க்குப் பிறகு, எப்படிப் பிடித்தான் என்று பார்க்க வேண்டியதாகிவிட்டது. சினிமாக்காரர்களும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது என் துணிபு.

2002-ல் சாம் ரெய்மி எடுத்த படத்தில் அதே காப்ளின், அதே மாதிரிப் பாலம், இங்கே குவீன்ஸ்பரோ. க்வெனுக்குப் பதில் மேரி ஜேன். ஒரு கையில் அவள், மறு கையில் குழந்தைகள் நிறைந்த கேபிள் கார், இரண்டையும் விட்டுவிடுகிறான். காமிக்ஸ் தெரிந்தவர்களுக்கு இங்கே வயிற்றைப் பிசைந்திருக்கும். ஸ்பைடர்மேன் என்ன செய்கிறான்? வலை வீசவில்லை. தானே குதித்து, அவளை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அப்புறம் கேபிளைப் பிடிக்கிறான். இருவரும் பிழைக்கிறார்கள். ஆனால் காப்ளின், காமிக்ஸில் 121-க்கு அடுத்த இதழில் செத்தது போலவே, தன் வண்டி தன்னையே குத்திச் சாகிறான். சாவு ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றைத் தள்ளிவிட்டார் ரெய்மி. 2007-ல் மூன்றாம் படத்தில் க்வெனையே கொண்டுவந்து, கிரேன் இடித்த மாடியிலிருந்து விழவும் வைத்தார். அப்போதும் கையால்தான் பிடித்தான். அந்தப் படத்தைப் பற்றி இதற்கு மேல் நல்லதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

2014-ல் மார்க் வெப் எடுத்த இரண்டாம் ‘அமேசிங்’ படம். வில்லன்கள் நெரிசல், மின்சாரக்காரன் ஒருவன் வேறு. படமாக எனக்குப் பிடிக்காது. ஆனால் கடிகாரக் கோபுரக் காட்சிக்காக எத்தனை முறையும் பார்ப்பேன். எம்மா ஸ்டோன் பச்சைக் கோட்டும் ஊதாப் பாவாடையுமாக வருகிறாள். 1973-ல் க்வென் போட்டிருந்த அதே நிறங்கள். தெரிந்தவனுக்கு அங்கேயே விஷயம் விளங்கிவிடும். பல்சக்கரங்களுக்கு நடுவே அவளைத் தாங்கியிருந்த வலை இழை அறுந்து அவள் விழுகிறாள். பீட்டர் வலை வீசுகிறான். வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறார்கள். வலையின் நுனி விரிந்து, ஐந்து விரல் நீட்டிய கையாகிறது. அவளைத் தொட்டும்விடுகிறது. தொட்ட கணத்தில் அவள் தலை தரையிலும் படுகிறது. இசை நின்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கடிகார முள் ஒன்று இருபத்தொன்றில் நிற்கிறது: 121.

வலையை நம்பினான், அவள் போய்விட்டாள். காகிதத்தில் ‘கொன்றது வலையா, காப்ளினா’ என்று ஒரு ஓசையை வைத்துத் தர்க்கம் பண்ண முடிந்தது. பக்கத்தைத் திருப்பாமல் அந்தக் கட்டத்திலேயே எவ்வளவு நேரமும் இருக்கலாம். படம் நிற்காமல் ஓடுவது. அதனால் வெப் விழுவதையே நீட்டினார். வலையும் தரையும் ஒரே கணத்தில் வந்து சேர, பழைய தர்க்கம் தீராமல் அப்படியே நின்றது. தழுவல் என்றால் எனக்கு இதுதான். உடை, வசனம், முகமூடியின் கண் அளவு எல்லாம் ஒத்துப்போகிறதா என்று அளக்கிற ரசிகர்கள் உண்டு, நல்லவர்கள்தான்; நான் அந்த ஜாதி இல்லை.

அதே 2014-ல் காமிக்ஸ்காரர்கள் மறுபக்கம் போனார்கள். ஜேசன் லத்தூரும் ராபி ரோட்ரிகஸும் உருவாக்கிய உலகில் சிலந்தி கடித்தது க்வெனை. அங்கே செத்தது பீட்டர். அவள்தான் ஸ்பைடர்-வெர்ஸ் அனிமேஷன் படங்களில் வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு வருகிறவள். 2023 படத்தில், ப்ரூக்ளினில் ஒரு உயரக் கட்டடத்தின் விளிம்பில் அந்தப் படத்து ஸ்பைடர்மேனான மைல்ஸோடு தலைகீழாக உட்கார்ந்துகொண்டு, மற்ற உலகங்களில் ஸ்பைடர்மேனைக் காதலித்த க்வென்களுக்கு முடிவு நன்றாக இல்லை என்று அவளே சொல்கிறாள். அவளுக்கு அது ஊர்க்கதை. நமக்கு 121-ஆம் இதழ்.

இப்போது சார் கேட்டதற்கு வருகிறேன். நோ வே ஹோமில் அழுகிறவன் 2014 படத்து பீட்டர். அதற்குக் கொஞ்சம் முன்னால் தன் க்வெனைக் காப்பாற்ற முடியாமல் போனதைச் சொல்லியும்விடுகிறான். எம்ஜே விழும்போது அவன் அவள் மேல் வலையை வீசவில்லை. குதித்துவிடுகிறான்.

“குதிச்சா மட்டும் என்ன? ரெண்டு பேரும் அதே வேகத்துலதானே விழறாங்க?” என்றார் சார். இயற்பியல் அவருக்கு மறக்கவில்லை. அதுதான் சார் நன்மையே. கூடவே விழுகிறவனுக்கு அவள் ஏறக்குறைய நிற்கிற மாதிரி, பூவைப்போலத் தூக்கிக்கொள்ளலாம். தலைக்கும் முதுகுக்கும் கை கொடுத்த பிறகு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இறங்கலாம்.

மறுநாள் மகனிடமிருந்து ஒரு மறுப்போடு வந்தார். 2017-ல் வந்த ‘ஹோம்கமிங்’கில், வாஷிங்டன் நினைவுத் தூணின் லிஃப்ட் அறுந்து பீட்டரின் பள்ளித்தோழி லிஸ் விழும்போது ஸ்பைடர்மேன் அவள் கையில்தானே வலையை வீசிப் பிடித்தான், அவளுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று பையன் மடக்கிவிட்டானாம். சரியான பிடி. ஆனால் அவள் விழுந்தது கொஞ்ச தூரம்தான். மூன்று மீட்டர் என்று வைத்தால் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகம்கூட வராது. பிடித்ததும் மணிக்கட்டில், கழுத்துக்குச் சேதம் இல்லை. தோள்பட்டை இரண்டு நாள் வலித்திருக்கும், அதைப் படத்தில் காட்டவில்லை என்று பையனிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.