காட்டில் நிற்கும் காமிரா

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தேனி மாவட்டத்தைச் சேர்ந்த போடிநாயக்கனூர் அமைந்துள்ளது. ஏலக்காய் வாணிகத்திற்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்கிருந்து போடிமெட்டை நோக்கி வளைந்து வளைந்து ஏறும் சாலையில் செல்வோர், மேலே ஏலத்தோட்டங்களைக் காண்பர். ஏலச்செடி நிழலை நாடுவது. ஆதலால் அத்தோட்டங்களில் பெருமரங்கள் வெட்டப்படாமல் நிற்கின்றன. மரம் நிற்கும் மலையில் விலங்கும் உலவும். இம்மலைகளுக்குத் தெற்கே திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் உளது. 2021ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அது, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாகும்.

அடர்ந்த காட்டில் எத்தனை புலிகள் வாழ்கின்றன என்பதை எவ்வாறு அறிவது? புலி மனிதர் கண்ணில் எளிதில் படுவதன்று. ஆனால், ஒரு புலியின் உடற்கோடுகள் மற்றொரு புலியின் கோடுகளை ஒத்திருப்பதில்லை; அவை நம் கைரேகை போன்றவை. படம் கிடைத்தால் ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் காணலாம். இதற்காகவே, தாமே படமெடுக்கும் காமிராக்களை விலங்குகள் நடக்கும் தடங்களின் ஓரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டி வைக்கின்றனர். 1990களில் கருநாடகத்து நாகரகொளேக் காட்டில் உல்லாஸ் கரந்த் என்னும் அறிஞர் இம்முறையைக் கையாண்டார். 2018ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிராக்கள் நிறுவப்பட்டன. கிடைத்த படங்கள் ஏறத்தாழ மூன்றரைக் கோடி. அவற்றுள் புலியின் படங்கள் 76,651.

இக்காமிராவின் முகப்பில் வெப்பக் கதிரை உணரும் உறுப்பு ஒன்று உண்டு. சுற்றுப்புறத்தினின்றும் வெப்பத்தில் மாறுபட்ட ஒரு பொருள் அதன்முன் அசையுமாயின், காமிரா உடனே இயங்கும். வெப்ப வேறுபாடு, அசைவு ஆகிய இரண்டும் சேர்ந்தாலே அதற்குப் போதும். வந்தது விலங்கா, வேறொன்றா என்று பகுத்தறியும் ஆற்றல் அவ்வுறுப்புக்கு இல்லை. அதனால், சில வேளைகளில் விலங்கே இல்லாத வெற்றுப் படங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்துவிடுகின்றன. நினைவு அட்டை நிரம்புகிறது, மின்கலம் தீர்கிறது. அதன்பின் புலியே எதிரில் வந்து நின்றாலும் காமிரா உறங்கிக்கொண்டிருக்கும்!

இக்குறையைக் களைவதற்கு முதற்படி, காமிராவைப் பழிப்பதன்று. வெற்றுப் படங்களை ஆராய்வதாகும். ஒவ்வொரு படத்திலும் நாளும் நேரமும் பதிந்திருக்கும். அவை வழிகாட்டும். நண்பகலில் மட்டும் வெற்றுப் படங்கள் மிகுந்திருந்தால், வெயிலில் சூடேறிய புல்லும் இலையும் காற்றில் அசைந்தன என்று கருதலாம். காமிராவின் முன்னுள்ள புல்லையும் சிறு கிளைகளையும் அகற்றிவிடின் குறை நீங்கும். காலையிலோ மாலையிலோ மட்டும் மிகுந்திருந்தால், காமிரா கதிரவனுக்கு நேரே நிற்கிறதா என்று பார்த்தல் வேண்டும். கிழக்கையும் மேற்கையும் தவிர்த்துத் திருப்பி வைப்பது நன்று. படத்துக்குப் படம் காட்சியே சாய்ந்து தோன்றுமாயின், காமிராவைத் தாங்கும் மரம் மெலிந்தது என்பது விளங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இம்மலைச் சரிவுகளில் மெல்லிய மரம் ஓயாது ஆடும்; பருத்த மரத்தையே நாடவேண்டும்.

முழுதும் வெண்மையாக அமைந்த படத்திற்குக் காரணம் வேறு. மூடுபனியில் காமிராவின் ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி, படத்தை வெளுக்கச் செய்யும். புலியின் இரு பக்கங்களையும் படமெடுக்க இரண்டு காமிராக்களை எதிரெதிரே வைப்பர். அவை நேருக்கு நேராக இருப்பின் ஒன்றன் ஒளி மற்றொன்றைக் கெடுக்கும். சற்றே விலக்கி வைத்தால் அக்கேடு இல்லை. இரவுப் படங்கள் கறுத்தே இருக்குமாயின், மின்கலத்தின் வலிமை குன்றியதா என்று முதலில் ஆராய்தல் வேண்டும்.

இவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. காமிரா வெப்பத்தை உணர்வதற்கும் படமெடுப்பதற்கும் இடையே சிறு கால இடைவெளி உளது. விரைந்து செல்லும் விலங்கு அதற்குள் கடந்துவிடும். படத்தில் எஞ்சுவது வெறும் தடமே. தடத்திற்குக் குறுக்காக நோக்கும் காமிராவைச் சற்றுச் சாய்வாகத் திருப்பி, ஒரே முறையில் மூன்று படங்கள் எடுக்குமாறு அமைத்தால் இவ்விழப்புக் குறையும். திருத்தியபின், பணியாளர் ஒருவர் விலங்கைப் போலத் தவழ்ந்து காமிராவின் முன் சென்று சோதித்துப் பார்ப்பது வழக்கம்.

ஆகவே, வெற்றுப் படம் என்று எண்ணி ஆராயாமல் அழித்துவிடுதல் தகாது. ஒரு படம் புல்லின் அசைவைக் கூறும். மற்றொன்று கடந்துபோன விலங்கைக் கூறும். படத்தில் காணப்படாதது காட்டிலும் இல்லை என்று முடிவு கட்டினால், கணக்குப் பிழைபடும். பிழைபட்ட கணக்கால் காக்கவேண்டிய உயிரைக் காவாமல் விட நேரும். குறையின் காரணத்தை ஆராய்ந்து களைபவருக்கு வெற்றுப் படமும் பயன்படும்.