கடற்கரையில் உண்பதும் பருகுவதும்

விடுமுறை வந்துவிட்டால் கடலைக் காணச் செல்ல வேண்டும் என்ற ஆவல் மாணவர்களுக்கு எழுவது இயல்பே. மெரினா, மாமல்லபுரம், தரங்கம்பாடி, இராமேசுவரம், கன்னியாகுமரி என நமக்கு வாய்த்த கடற்கரைகளும் பல. எந்த ஊருக்குச் செல்வது, எந்த வண்டியில் ஏறுவது, எங்கே தங்குவது என்பவற்றையெல்லாம் பல நாள் முன்னதாகவே நாம் திட்டமிடுகிறோம். எங்கே உண்பது, எதைப் பருகுவது என்னும் கேள்வியை மட்டும், பசியும் தாகமும் வந்தபின் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிட்டு வருந்தியவர்களுள் நானும் ஒருவன். ஆகையால் இந்தப் பொருளைப் பற்றி உங்களிடம் பேச எனக்கு ஓரளவு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

1996-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், முப்பத்திரண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு நானும் இன்னோர் ஆசிரியரும் இராமேசுவரம் சென்றோம். மறுநாள் காலை தனுஷ்கோடியைக் காணப் புறப்பட்டோம். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வீசிய பெரும் புயலில் அழிந்த ஊர் அது. இப்போது 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. அன்று சாலை இல்லை. மணலிலும் ஈரத்திலும் தத்தித் தத்திச் செல்லும் வாடகை வண்டிகள்தாம் உண்டு. இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தின் எஞ்சிய சுவர்களையும் பார்த்து முடிப்பதற்குள், கையில் கொண்டு சென்ற நீர் தீர்ந்துவிட்டது.

கடற்கரையில் தாகம் ஏன் வஞ்சகமாக வருகிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். உள்நாட்டு வெயிலில் நடந்தால் சட்டை நனைகிறது. உடல் நீரை இழக்கிறது என்பது நமக்குத் தெரிகிறது. கடற்கரையிலோ ஓயாமல் வீசும் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுகிறது. குளிர்ச்சியாக இருக்கிறது என்று மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சிக்குள்ளேயே உடலின் நீர் குறைந்துகொண்டு வருகிறது. நாக்கு வறளும்போதுதான் நமக்கு நினைவு வருகிறது.

சுற்றிலும் நீர், ஆனால் குடிக்க இயலாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நம் சிறுநீரகங்கள் அவ்வளவு செறிவான உப்பை வெளியேற்ற வல்லவை அல்ல. ஒரு லிட்டர் கடல்நீரைக் குடித்தவன், அதிலுள்ள உப்பை வெளியேற்ற ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட நீரைத் தன் உடலிலிருந்தே செலவிட வேண்டியிருக்கும். குடிக்கக் குடிக்கத் தாகம் மிகுவது இதனால்தான்.

நாங்கள் திகைத்து நின்ற இடத்துக்கு அருகே ஓலைக்குடிசை ஒன்று இருந்தது. அதன் முன்னே வலை உலர்ந்துகொண்டிருந்தது. வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் எங்கள் முகங்களைப் பார்த்தே நிலையை அறிந்துகொண்டார். குடிசைக்குப் பின்னால் மணல்மேட்டை ஒட்டி, முள்வேலி கட்டிய சிறு குழி ஒன்றைக் காட்டினார். நான்கடி ஆழம்கூட இராது. அடியில் தெளிந்த நீர் ஊறியிருந்தது. சிரட்டையில் அள்ளி ஒரு துளி நாவில் வைத்துப் பார்த்தேன், உப்பே இல்லை!

“கடலுக்கு இவ்வளவு அருகில் நல்ல தண்ணீர் எப்படி அம்மா?” என்று கேட்டேன்.

“மழைத் தண்ணிதான் சார் மணலுக்குள்ள கிடக்குது. மேலாகத் தோண்டினா நல்ல தண்ணி. ஆசைப்பட்டு ஆழமாத் தோண்டினா உப்பு ஏறிப்போகும்” என்றார் அவர்.

கல்லூரியில் புவியியல் படிப்போர் பாடமாகப் படிக்கும் உண்மையை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார். மழைநீர் மணலில் இறங்கித் தங்குகிறது. அடியில் கடல்நீர் நிற்கிறது. ஒரு லிட்டர் நன்னீர் 1,000 கிராம் எடை என்றால், ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிராம். எடை குறைந்த நன்னீர், எடை மிகுந்த உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்குமேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே சுமார் நாற்பதடி வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலிருந்து அளவாக அள்ளினால் அந்தச் சமநிலை கெடுவதில்லை. ஆழ்குழாய் இறக்கி இயந்திரத்தால் உறிஞ்சினால், மேலே உள்ள பாரம் குறைந்து, அடியிலுள்ள உப்புநீர் எழுந்து வந்துவிடும். கடலோர ஊர்களில் நேற்று இனித்த கிணறு இன்று கரிப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. கல்விக்கு மணற்கேணியை உவமையாக்கிய வள்ளுவரின் குறளைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். மணற்கேணியை அன்றுதான் நேரில் கண்டேன்.

மாணவர்கள் சிரட்டையை நோக்கிக் கை நீட்டினார்கள். அம்மையார் தடுத்தார். “அப்படியே குடிக்காதீங்க, காய்ச்சினது இருக்கு” என்று சொல்லி, அடுப்பருகே மூடி வைத்திருந்த பானையிலிருந்து சீரகம் போட்ட வெந்நீரை ஊற்றிக் கொடுத்தார். இனிப்பது வேறு, தூய்மை வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். மேலாக ஊறும் நீர் மேலாகவே மாசுபடவும் கூடும். அருகில் கழிவு கிடந்தால் அதுவும் மணல்வழி இறங்கிவிடும். காலரா, டைபாய்டு ஆகியவற்றின் கிருமிகளுக்குச் சுவையும் இல்லை, நிறமும் இல்லை. நீர் நன்றாகக் கொதித்தால் அவை மடியும்.

அன்று மாலை இராமேசுவரம் திரும்பினோம். கடைத்தெருவில் விளக்கொளியும் நிலைக்கண்ணாடியும் வண்ணப் புட்டிகளுமாக ஒரு கடை மின்னியது. அங்கே சென்று ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் குடிக்க ஐந்து மாணவர்கள் அனுமதி கேட்டார்கள். கடையின் துப்புரவான தோற்றத்தைக் கண்டு நானும் இசைந்தேன். குடிசை நீரைக் காலையில் எவ்வளவு ஐயத்துடன் பார்த்தேனோ, அவ்வளவு நம்பிக்கையுடன் மாலையில் அந்தக் கடையைப் பார்த்தேன்.

நள்ளிரவுக்குப்பின் அந்த ஐவருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. அவர்களுள் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் மிகவும் வாடிவிட்டான். அவன் தண்ணீர், தண்ணீர் என்று கேட்டான். தண்ணீர் கொடுத்தால் பேதி மிகும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்த நான், கொடுக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். பொழுது விடிவதற்குள் அவன் கண்கள் குழி விழுந்தன. கையின் தோலைக் கிள்ளி இழுத்தால் அப்படியே நின்றது. மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி அவனைக் காப்பாற்றினார்கள். “இரவே உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திராது, சார்” என்று டாக்டர் மெல்லச் சொன்னார். பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றிருந்த நான் தலைகுனிந்து நின்றேன்.

அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்து, முப்பத்திரண்டு பேரின் பெயர்களையும் எழுதி, ஒவ்வொருவரும் முந்தைய நாள் எதை உண்டார், எதைப் பருகினார் என்று குறித்தேன். மற்றவை எல்லாம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தன. சர்பத் மட்டுமே அந்த ஐவருக்கும் உரியதாக இருந்தது. 1854-ஆம் ஆண்டு லண்டன் நகரில் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, ஒரு தெருக்குழாயின் நீரே காரணம் என்று கண்டறிந்த வரலாற்றைப் பின்னாளில் படித்தபோது, என் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. அந்தப் பானத்தில் தீங்கு செய்தது நீரா, பனிக்கட்டியா என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் ஒன்று கற்றேன்: உண்ணும் பொருளின் தோற்றத்தைப் பார்ப்பது போதாது, அது வந்த வழியைக் கேட்க வேண்டும்.

பனிக்கட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். உறைவதால் கிருமி சாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு; பல கிருமிகள் உறங்கிக் கிடந்து, கட்டி உருகியதும் விழித்துக்கொள்ளும். கடலோர ஊர்களில் மீனை அடுக்குவதற்கென்றே பெரிய பனிப்பாளங்கள் செய்யப்படுகின்றன. அதற்குக் குடிநீரே வேண்டும் என்பதில்லை. அந்தப் பாளம் வழி தவறிப் பானக்கடைக்கு வந்துவிட்டால், கண்ணால் வேறுபாடு காண இயலாது. அதனால்தான் மகாராஷ்டிரத்தில் 2018-ஆம் ஆண்டு, உண்ணத் தகாத பனிக்கட்டிக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார்கள்.

அடுத்தது மீன். கடற்கரைக்குச் சென்று மீன் உண்ணாமல் திரும்ப மனம் வராதவர்கள் உண்டு. அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, “எப்போது கரைக்கு வந்தது?” என்பதாகும். நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லத் தடை உண்டு. மீன் இனம் பெருகுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. உங்கள் கோடை விடுமுறையும் பெரும்பாலும் அந்தக் காலத்திலேயே வருகிறது. அப்போது நாட்டுப்படகுகள் கொணரும் மீன் புதியது. மற்றது தொலைவிலிருந்து பனிக்கட்டியில் வந்ததாக இருக்கலாம். சூரை, காணாங்கெளுத்தி போன்ற மீன்களைக் குளிர்ச்சியில்லாமல் சில மணி நேரம் வைத்துவிட்டால், அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகிறது. உண்டவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடல் தடிக்கும். எவ்வளவு பொரித்தாலும் அந்தப் பொருள் அழிவதில்லை. ஆகவே பொரித்து மசாலா தடவிய துண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பொரிக்கும் முன் முழுமீனைக் காட்டச் சொல்லுங்கள். கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும். செவுள் சிவந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை மீண்டும் எழ வேண்டும்.

சைவ உணவு உண்போர் இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிட வேண்டாம். ஆவி பறக்கும் இட்லியில் அச்சம் இல்லை. அதன் அருகே வைத்த தேங்காய்ச் சட்னியில்தான் கவனம் வேண்டும். நல்ல வெப்பத்தில் சில கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காலை ஏழு மணிக்கு அரைத்த சட்னியில் அத்தகைய கிருமி ஒன்றே ஒன்று இருந்தாலும், தடையின்றிப் பெருகினால், பத்து மணிக்கு 512 ஆகும். பகல் ஒரு மணிக்கு 2,62,144 ஆகும். நீங்களே பெருக்கிப் பாருங்கள். கடற்கரைச் சுண்டலுக்கும் இது பொருந்தும். வெந்து சூடாக இருக்கும் பட்டாணி குற்றமற்றது. காலையிலேயே நறுக்கித் திறந்து வைத்த மாங்காயும் தேங்காயுமே ஆராயத் தக்கவை.

அப்படியானால் எங்கேதான் உண்பது? கடையின் அளவு பெரிதா சிறிதா என்பது அளவுகோல் அன்று. உள்ளூர் மக்கள் வேளை தவறாமல் வந்து உண்ணும் இடத்தில் உணவு தேங்கிக் கிடப்பதில்லை. அடுப்பு நம் கண்ணுக்குத் தெரியும் இடம் நல்லது. பரிமாறுபவர் கை கழுவ நீரும் சோப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சூடானதைச் சூடாகவே உண்ணுங்கள். பருகுவதற்குக் கொதித்த நீர், அடைப்பு உடையாத புட்டி நீர், நம் எதிரில் வெட்டிய இளநீர் ஆகியவை ஏற்றவை. நுங்கும் அத்தகையதே, வெட்டும் வரை அதன் ஓடே அதற்குக் காவல். பனைவளம் மிக்க இராமநாதபுரம் பகுதியில் பதநீர் கிடைக்கும். புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்குவார்கள். அதை விடியலில் பருகுவதே முறை. வெயில் ஏறினால் குணம் மாறும்.

இவ்வளவு கவனித்தும் நோய் வந்துவிட்டால் என்ன செய்வது? என் தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர். அதில் சர்க்கரை தலைதட்டிய ஆறு தேக்கரண்டி. உப்பு தலைதட்டிய அரைத் தேக்கரண்டி. இந்த அளவு மிகவும் முக்கியம். கலந்து, சிறிது சிறிதாக, இடைவிடாமல் கொடுங்கள். வாந்தி எடுத்தாலும் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். மருந்துக் கடைகளில் இதற்கென்று பொடியும் கிடைக்கிறது. பயணப் பையில் இரண்டு பொட்டலம் இருக்கட்டும். 1971-ஆம் ஆண்டு வங்காள அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இம்முறையைக் கையாண்டு எண்ணற்ற உயிர்களைக் காத்தார். அது நடந்து இருபத்தைந்து ஆண்டு கழிந்த பின்னும் நான் அறியாமல் இருந்தேன் என்பதே என் வருத்தம். நோயாளி சோர்ந்து மயங்கினாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அந்தச் சிறுவன் இன்று குடும்பத் தலைவன். ஆண்டுக்கொருமுறை தன் பிள்ளைகளுடன் வந்து என்னைப் பார்ப்பான். வந்ததும் அவனுக்கு ஒரு குவளை நீர் கொடுப்பேன். “காய்ச்சியதா ஐயா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பான். அவன் சிரித்தாலும், அந்தக் கேள்வியை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஆம் என்று விடை சொன்ன பிறகே குவளையை அவன் கையில் தருகிறேன்.