நாலு தந்தி – 9: டெட்ராய்ட்டிலிருந்து வந்த பொத்தான்

பாஸ் கிட்டாரின் கனத்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அதற்கு முந்தையதைத் தவறவிட்டவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளுங்கள்; திரும்பச் சொல்ல இடமில்லை. பாஸைக் கணினியில் பதியப் பத்தாயிரம் ரூபாய்க்குள் எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வாங்கலாம் என்று இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு நடை டெட்ராய்ட் போய்விட்டு வந்துவிடலாம்.

முதலில் ஒரு வாசகரின் கேள்வி. “லேப்டாப்பிலேயே மைக் செருகும் துளை இருக்கிறதே, ஒரு கன்வெர்ட்டர் பின் வாங்கி பாஸை அதில் மாட்டினால் ஆகாதா?” மாட்டலாம். சத்தமும் வரும். வருகிற சத்தத்தைக் கேட்டபிறகுதான் நம்மில் பலர் இன்டர்ஃபேஸ் தேட ஆரம்பித்தோம். ஒலி மொத்தையாக, விரல் தந்தியைத் தொட்ட அடையாளமே இல்லாமல், இரைச்சலோடு வரும். ஏன் அப்படி என்பது தெரிந்துவிட்டால் எந்தப் பெட்டி வாங்குவது என்ற கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

பாஸின் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. ஃபெண்டர் பிரிசிஷன் வகை பாஸில் அந்தச் சுருளின் மின்தடை சுமார் 10 கிலோஓம். இது ஒரு நோஞ்சான் பிள்ளை: பேசச் சொன்னால் பேசும், மூட்டை தூக்கச் சொன்னால் படுத்துவிடும். சாதாரண லைன் இன்புட்டின் இம்பீடன்ஸ், அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 10 கிலோஓம் அளவில் இருக்கும். பிக்கப்பை அதில் மாட்டினால் சமிக்ஞையில் பாதி பிக்கப்புக்குள்ளேயே கரைந்துபோகும். மைக் இன்புட் என்றால் 2 கிலோஓம் அளவுதான். ஆறில் ஒரு பங்கு மிஞ்சினால் உண்டு.

அளவு குறைவதோடு போனால் பரவாயில்லை, கெயினைத் திருகி ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் சுருளுக்கு இன்னொரு குணம் இருக்கிறது. அதிர்வெண் ஏற ஏற அதன் சொந்த இம்பீடன்ஸும் ஏறும். அதனால் இன்புட் கீழே இழுக்கும்போது முதலில் பலியாவது மேல் ஒலிகள். நகம் பட்ட உரசல், ஸ்லாப் அடிக்கும்போது வரும் ‘டக்’, ஸ்வரத்தின் தொடக்க முனை, எல்லாம் போய்விடும். 10 கிலோஓம் இன்புட்டில் சுமார் 600 ஹெர்ட்ஸுக்கு மேலேயே சரிவு தொடங்கிவிடும் என்று ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்த்தேன். பாஸ் என்றால் கீழ் ஒலிதானே, மேலே போனால் என்ன என்று கேட்காதீர்கள். அந்த முனை இல்லாவிட்டால் டிரம்ஸுக்கு நடுவில் பாஸ் இருக்கிற இடமே தெரியாது.

இதற்கான மருந்துதான் இன்டர்ஃபேஸின் முகப்பில் ‘இன்ஸ்ட்’ என்றோ ‘ஹை-இசட்’ என்றோ எழுதியிருக்கும் பொத்தான். அதை அழுத்தினால் இன்புட்டின் இம்பீடன்ஸ் 1 மெகாஓம் அளவுக்கு ஏறும். பிக்கப்பைப் போல நூறு மடங்கு. இழப்பு நூற்றில் ஒன்று. நோஞ்சானின் முதுகில் இப்போது மூட்டையே இல்லை. சில பெட்டிகளில் பொத்தான் இருக்காது. கிட்டார் படம் போட்ட தனித் துளை ஒன்று இருக்கும். வேலை ஒன்றுதான்.

சரி, டெட்ராய்ட்.

1959-இல் பெர்ரி கோர்டி என்பவர் வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் 2648-ஆம் எண் வீட்டை வாங்கி, வாசலில் ‘ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.’ என்று பலகை மாட்டினார். மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் தலைமையகம் ஆனது அதுதான். வீட்டின் பின்பக்கத்து அறை ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஆனது. கூரையிலிருந்து கேபிள்கள் நெளிந்து தொங்கியதால் வாத்தியக்காரர்கள் அதற்குப் ‘பாம்புக் குழி’ என்று பெயர் வைத்தார்கள். அறுபதுகளில் அமெரிக்க வானொலியை ஆண்ட பாட்டுகளில் ஒரு பெரும் பங்கு அந்தக் குழியில் பதிவானது. அங்கே பாஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன்.

இந்தத் தொடரில் அவர் பெயர் ஏற்கெனவே இரண்டு தடவை தலைகாட்டியிருக்கிறது. இந்த வாரம் முழுதாக வந்துவிட்டார், தடுக்க முடியவில்லை. 1962-ஆம் வருடத்து ஃபெண்டர் பிரிசிஷன், அதில் லா பெல்லா நிறுவனத்தின் கனமான வழவழப்புத் தந்திகள், பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்சுத் துண்டு. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே இழுப்பார். அந்த விரலுக்கு ‘கொக்கி’ என்று பட்டப்பெயர். தந்தி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். அதில் படிந்த அழுக்கில்தான் தன் ஒலி இருக்கிறது என்று நம்பினார். வடபழனிப் பக்கம் ஸ்டுடியோக்களில் பாஸ் வாசிக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரிக்கவில்லை. “ஆமாண்ணே, புதுத் தந்தி போட்டா ஒரு மாசத்துக்கு என் பாஸ் எனக்கே பிடிக்காது” என்றார்.

நமக்கு வேண்டிய விஷயம் வேறு. பாம்புக் குழியில் ஜேமர்சனின் பாஸுக்கு முன்னால் மைக் வைத்த ஆம்ப் நிற்கவில்லை. பாஸும் கிட்டார்களும் நேரே மிக்ஸிங் கன்சோலுக்குப் போயின. வாசிப்பவர்கள் தங்கள் சத்தத்தை அறையிலிருந்த ஸ்பீக்கர் வழியாகக் கேட்டுக்கொண்டார்கள். சின்ன அறை, டிரம்ஸ், பியானோ, நாலைந்து கிட்டார். இத்தனைக்கும் நடுவில் பாஸ் ஆம்பையும் முழங்க விட்டால் எல்லா மைக்கிலும் பாஸ்தான் பதிந்திருக்கும். மோட்டவுனின் தலைமைப் பொறியாளர் மைக் மெக்லீன் இதற்கென்று நேரடி இணைப்புப் பெட்டி செய்தார். அதே ஊரில் எட் வுல்ஃப்ரம் என்ற ஒலிப்பொறியாளர் செய்த பெட்டிக்கு ‘வுல்ஃப் பாக்ஸ்’ என்று பெயர். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று இந்த வாரம் படித்துவிட்டு நெடுநேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். ட்ரயாட் நிறுவனத்தின் ஏ-11ஜே என்கிற ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர். அவ்வளவுதான்! பேட்டரி இல்லை, வால்வு இல்லை, விளக்குகூட இல்லை.

இத்தகைய பெட்டிகளின் டிரான்ஸ்பார்மரில் பொதுவாக 12-க்கு 1 என்ற சுற்று விகிதம் இருக்கும். இம்பீடன்ஸ் அந்த விகிதத்தின் வர்க்கத்தில் பெருகும், அதாவது 144 மடங்கு. மறுமுனையில் 1,500 ஓம் மைக் இன்புட் இருந்தால் பிக்கப்பின் கண்ணுக்கு அது இரண்டு லட்சம் ஓமுக்குச் சற்று மேலாகத் தெரியும். நான் சொல்ல வருவது இதுதான்: ஜேமர்சன் காலத்து டிரான்ஸ்பார்மர் பெட்டிகள் இன்றைய மலிவான இன்டர்ஃபேஸ் தருகிற 1 மெகாஓமைத் தொட்டதே இல்லை. அழுக்கேறிய வழவழப்புத் தந்தியில் மேல் ஒலி குறைவு. இழக்கப் பெரிதாக எதுவும் இல்லை. ஆகவே ‘எங்கள் பெட்டியில் 1.5 மெகாஓம்’ என்று பெருமை பேசும் விளம்பரத்தைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள். சில லட்சம் ஓமுக்கு மேல் இருந்தால் போதும்.

1967-இல் வந்த ‘எய்ன்ட் நோ மவுண்டன் ஹை எனஃப்’ பாட்டில் ஜேமர்சன் வாசித்த பாஸ் தடம் தனியாகப் பிரித்து இணையத்தில் கிடைக்கிறது. நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். நேரடியாக எடுத்த ஒலி உயிரில்லாமல் வறட்சியாக இருக்கும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவருக்கும் ஒரு ஹெட்ஃபோனை மாட்டிவிடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1971-இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பம் வரும்வரை மோட்டவுன் உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயரே அச்சாகவில்லை. நம் சினிமா கேசட் அட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அதே எரிச்சல் இருக்கும். ஜேமர்சன் 1983-இல் இறந்தார். அதற்குச் சற்று முன்புதான் அந்த 1962 பாஸ் திருடுபோயிருந்தது.

இங்கிலாந்தில் அபே ரோடு ஸ்டுடியோவிலும் இதே தலைவலி இருந்தது. மோட்டவுன் தட்டுகளில் இருக்கும் பாஸ் ஏன் நம்மிடம் வரவில்லை என்று பீட்டில்ஸ் அரித்தெடுக்க, 1966-இல் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பதிவின்போது கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர் ஒரு ஸ்பீக்கரையே மைக்காக்கி பாஸ் ஆம்புக்கு முன்னால் நிறுத்தினார். அடுத்த ஆண்டு அவரே ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி செய்து மெக்கார்ட்னியின் பாஸை நேரே கன்சோலில் மாட்டிவிட்டார். ஸ்பீக்கர் மைக்கின் கதையைத் தனி வாரமாக எழுத ஆசை, ஆசிரியர் முறைக்கிறார்.

கடைக்கு வருவோம்.

முதலில் உங்கள் பாஸின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 9 வோல்ட் பேட்டரி இருக்கிறதா? இருந்தால் அது ஆக்டிவ் பாஸ். உள்ளேயே ஒரு சிறு ப்ரீஆம்ப் இருப்பதால் மேலே சொன்ன நோஞ்சான் கதை உங்களுக்குப் பொருந்தாது. லைன் இன்புட்டிலும் ஒழுங்காகவே ஒலிக்கும். உங்கள் பிரச்சினை எதிர்த் திசையிலிருந்து வரும். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப், ஓங்கி ஸ்லாப் அடித்தால், முகட்டிலிருந்து பள்ளம் வரை கிட்டத்தட்ட 9 வோல்ட் வரை தள்ளக்கூடும். இன்டர்ஃபேஸ் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இன்ஸ்ட்ரூமென்ட் இன்புட்டின் அதிகபட்ச அளவு டிபியூ என்ற அலகில் போட்டிருக்கும். 12 டிபியூ என்பது முகட்டிலிருந்து பள்ளம் வரை 8.7 வோல்ட். ஆக 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மிகக் குறைவாக இருந்தால் கெயினைப் பூஜ்யத்தில் வைத்தாலும் சிவப்பு விளக்கு எரியும். சமிக்ஞையைக் குறைக்கும் ‘பேட்’ பொத்தான் இருக்கிற பெட்டி கிடைத்தால் இந்தக் கவலையும் குறையும். ஒரு பெட்டியைப் பற்றி எழுதியிருப்பதில் படிக்க வேண்டிய ஒரே வரி இந்த டிபியூ அளவுதான் என்பேன். கடைக்காரர் இதைச் சொல்லவே மாட்டார். 192 கிலோஹெர்ட்ஸ் என்று ஆரம்பிப்பார்.

192 பாஸுக்கு வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸில் 20,000 ஹெர்ட்ஸ் வரை பதியும்; பாஸின் உரசல் சத்தங்கள்கூட அதில் பாதியைத் தாண்டினால் அபூர்வம். 24 பிட் இருந்தால் நல்லது. உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி பதிவு செய்தாலும் இரைச்சல் எட்டிப் பார்க்காது, திடீரென்று ஒரு ஸ்வரம் எகிறினாலும் உடையாது. மைக்குக்கான 48 வோல்ட் ஃபேன்டம் பவர், இத்தனை இன்புட், அத்தனை அவுட்புட் எல்லாம் பாட்டுக்காரர்களின் கவலை.

பெயர் சொல்லாமல் விட மாட்டீர்கள். எம்-ஆடியோவின் எம்-ட்ராக் சோலோ, பெரிங்கரின் யுஎம்2 இரண்டும் மிக மலிவு, இரண்டிலும் கிட்டார் இன்புட் உண்டு, இரண்டும் 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். வீட்டுப் பயிற்சிக்கு இவற்றில் ஒன்று போதும். பாட்டாகப் பதிந்து பிறருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் நான் பெரிங்கர் யுஎம்சி202எச்டி பக்கம் சாய்வேன்: 24 பிட், உலோகக் கூடு, லைனுக்கும் இன்ஸ்ட்ரூமென்டுக்கும் மாற்றும் பொத்தான், விண்டோஸுக்குச் சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவர். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவைப் புதிதாக வாங்கினால் நம் பத்தாயிரம் கோடு தாண்டிவிடும். முந்தைய தலைமுறைப் பெட்டி நல்ல நிலையில் பழையதாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். இரண்டாம் கையாக வாங்குவதில் ஒரு சோதனை: பாஸைக் கையோடு கொண்டுபோய் மாட்டி, கெயின் குமிழை மெதுவாகத் திருப்புங்கள். கரகரவென்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

பட்ஜெட்டில் கொஞ்சம் ஹெட்ஃபோனுக்கு ஒதுக்குங்கள். லேப்டாப் ஸ்பீக்கரிலிருந்து 41 ஹெர்ட்ஸ் வெளியே வராது. அதன் இரட்டையான 82-ஐயும் அதற்கு மேலுள்ளவற்றையும் வைத்து உங்கள் காதே அடிப்படை ஸ்வரத்தைக் கற்பனை செய்து நிரப்பிக்கொள்ளும். கேட்க அது போதும், பதிவு செய்ய ஆகாது. கீழே அளவுக்கு மீறி உறுமுவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்தக் காது வித்தையைப் பற்றி 1840-களில் ஜெர்மனியில் பெரிய சண்டையே நடந்தது. ஒரு பக்கம் சீபெக், மறு பக்கம் ஓம். மெகாஓம் கிலோஓம் என்று இவ்வளவு நேரம் யார் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தோமோ, அவரேதான்! அந்தச் சண்டையில் காதின் அனுபவம் சீபெக் பக்கம் நின்றது. இதை விரித்தால் இந்த இதழில் வேறு யாருக்கும் பக்கம் இருக்காது.

லேட்டன்சியையும் இந்த வாரமே முடிப்பதாக இருந்தேன். தந்தியை மீட்டியதும் ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்கிறது என்று பாதிக் கடிதங்கள் அதைப் பற்றித்தான். அது அடுத்த வாரம், சத்தியமாக. அதற்குள் விண்டோஸ்காரர்கள் ஒரு வேலை செய்து வையுங்கள். பெட்டியை உற்பத்தி செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து ஏஎஸ்ஐஓ டிரைவரை இறக்கி நிறுவி, பஃபர் அளவை 256-இல் வைத்துக்கொள்ளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 5.3 மில்லிசெகண்ட்; அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஆறடி போகும். மேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை ஒன்றும் இல்லை, பாஸை எடுத்து வாசித்துக்கொண்டிருக்கலாம்.

(தொடரும்)