ஒரு பூவின் தேன்

மைசூர்ப் பகுதியில் புங்கும் நாவலும் கோடையில் ஏறக்குறைய ஒருங்கே பூக்கின்றன. அப்போது எடுக்கும் தேனுக்குப் ‘புங்கத்தேன்’ என்று பெயரிடுதல் எளிது. அப்பெயரை மெய்ப்பித்தலே அரிது.

தேனீ ஒருமுறை இரை தேடச் செல்லுங்கால் பெரும்பாலும் ஒரே இனப் பூவை நாடும். ஆயினும், ஒரு கூட்டின் ஆயிரக்கணக்கான தேனீக்கள் வெவ்வேறு பூக்களை நாடுவதால் தேன் கலந்துவிடுகின்றது.

இதற்கு மகரந்தமே சான்று. 10 கிராம் தேனை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, சுழற்பொறியில் இட்டு, அடியில் தங்கும் வண்டலை உருப்பெருக்கியில் ஆராய்வர். ஓரின மகரந்தம் 45 விழுக்காட்டிற்கு மேற்படின் அதனை ஒரு பூவின் தேன் எனக் கொள்வது பொது விதி. ‘மைசூர் கம்’ முதலிய தைலமரங்களின் மகரந்தம் தேனில் மிகுதியாகச் சேர்வதால் அவற்றிற்கு இவ்வளவு போதாது. எலுமிச்சை இனத்திற்கோ இதனினும் குறைந்த அளவே போதும்.

ஆகவே, பூப்புத் தொடங்குமுன் தேனறையிலுள்ள பழைய தேனை எடுத்துவிடுதல் வேண்டும். பூப்பு முடிந்தவுடன், மூடப்பெற்ற அடைகளிலிருந்து மட்டும் புதுத்தேனை எடுத்து, நாளையும் இடத்தையும் குறித்து வைத்தல் நலம். ஊர்ப் பூக்களின் மகரந்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பதித்து வைக்கும் பள்ளி, அவ்வூர்த் தேனை ஒப்பிட்டறிய நல்லதோர் அளவுகோலை ஆக்கித் தருகின்றது.