காய்ந்த மாவும் குழந்தையின் இருமலும்

மாவு அரைத்த கிரைண்டரை உடனே கழுவினால் ஒரு செம்புத் தண்ணீரில் வேலை முடிந்துவிடும். மதியம்வரை போட்டுவைத்தால் மாவு கல்லோடு ஒட்டிக் காய்ந்துவிடும். ஊறவைக்காமல் எந்த நாராலும் அதைப் பெயர்க்க முடியாது. மூன்று வாரமாக இருமுகிற குழந்தையின் மூச்சுக்குழாயிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

அந்தக் குழாயின் உட்சுவரில் மெல்லிய சளிப்படலம் உண்டு. அதற்கடியில் நுண்மயிர்கள் நொடிக்கு 10, 15 முறை அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்துத் தொண்டைக்குத் தள்ளும். நமக்குத் தெரியாமலே அதை விழுங்கிவிடுவோம். வைரஸ் தாக்கினால் இந்த மயிர்கள் உதிரும், சளியோ கூடுதலாகச் சுரக்கும். நார் தேய்ந்த கையில் அழுக்குப் பாத்திரம் குவிந்த கதை. அப்போது உடம்புக்கு மிஞ்சும் வழி, காற்றை வேகமாக அடித்து வெளியே தள்ளுவது. அதுதான் இருமல். நுண்மயிர் திரும்ப முளைக்க வாரங்கள் ஆகும். 10 நாளில் பாதிக் குழந்தைகளுக்கு இருமல் நின்றுவிடும். பத்தில் ஒரு பிள்ளைக்கு 25 நாளையும் தாண்டும்.

ஆகவே ஊறவையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், காரமில்லாத ரசம், கஞ்சி என்று அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. ஒரு வயது தாண்டியிருந்தால் படுக்கும்முன் அரை ஸ்பூன் தேன். அதற்குக் கீழே தேன் வேண்டவே வேண்டாம், பொட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம். கொதிநீர் ஆவியால் குழந்தைகள் வெந்துபோகிறார்கள். கற்பூரம் காய்ச்சிய எண்ணெய் வலிப்பை வரவழைக்கலாம். பாட்டி சொன்னாலும் வேண்டாம்.

இருமல் மருந்தைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்து, சிறுநீரகம் செயலிழந்து பிள்ளைகள் இறந்தார்கள். மனசு ஆறவில்லை.

ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை, அமைதியாக இருக்கையில் நிமிடத்துக்கு 40 மூச்சோ அதற்கு மேலோ வாங்கினால், நெஞ்சு உள்வாங்கினால், அன்றே ஆஸ்பத்திரி. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலோடு காய்ச்சலோ எடை குறைவோ சேர்ந்திருந்தால் காசநோய்ப் பரிசோதனை. நான்கு வாரம் தாண்டினால் எப்படியும் டாக்டர்.

இன்னொன்று. கிரைண்டரில் புளியங்கொட்டை சிக்கினால் எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பயனில்லை, எடுத்துத்தான் ஆகவேண்டும். வேர்க்கடலை தின்னும்போது திடீரென்று புரையேறித் தொடங்கிய இருமல் அந்த வகை. எக்ஸ்ரேயில் கடலை பெரும்பாலும் தெரியாது. புரையேறிய அந்த நாளை நீங்கள்தான் டாக்டரிடம் சொல்லவேண்டும்.