நல்ல வருஷத்துக் கணக்கை நம்பி வீடு கட்டலாமா?

போளூர் பக்கம் ஒரு கிராமம். இரண்டரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம், இரண்டு கலப்பினக் கறவை மாடுகள், நத்தம் பட்டா உள்ள மனையில் ஒரு கூரை வீடு. கணவன், மனைவி, வயதான தாய், கல்லூரியில் படிக்கும் மகன், ஒன்பதாம் வகுப்பு மகள் என ஐந்து பேர் கொண்ட குடும்பம். அந்த ஆண்டு நெல்லும் தேறியது, மணிலாவுக்கும் நல்ல விலை கிடைத்தது. கையில் பணம் நின்றதும் வீட்டுப் பேச்சு எழுந்தது.

மேஸ்திரி வந்து மனையை அளந்தார். 800 சதுர அடி, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று 16 லட்சம் சொன்னார். சீட்டுப் பணமும் விளைச்சல் பணமுமாகக் கையில் 3 லட்சம் இருந்தது. வங்கிக் கடன் 8 லட்சம், நகையை வைத்தால் 2 லட்சம், மீதி 3 லட்சத்தைப் 'போகப் போகப் பார்த்துக்கலாம்' என்று கணவர் முடிவு செய்தார். 8 லட்சத்துக்கு 9 சதவிகித வட்டியில் 15 ஆண்டு என்றால் மாதத் தவணை 8,114 ரூபாய். அந்த ஆண்டு குடும்பத்துக்கு மிஞ்சியது 1,03,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,583. தவணை போகவும் மிச்சம் இருக்கிறது என்று தோன்றியது.

பால் சொசைட்டி அட்டையையும் வரவு செலவு நோட்டையும் பத்திரமாக வைத்திருக்கும் மனைவிதான் கேட்டார். "ஏங்க, இந்த வருஷக் கணக்கு சரி. முந்தின ரெண்டு வருஷத்தையும் போட்டுப் பாத்தீங்களா?"

மூன்று வருஷத்து நோட்டு

அந்த நோட்டில் இருந்த கணக்கு இது. பால் விற்று, தீவனச் செலவு போக ஆண்டுக்கு 50,000 ரூபாய். இருவரும் வெளியே போகும் கூலி வேலையில் 60,000. மகளிர் உரிமைத்தொகை 12,000. ஆக நிலத்தைச் சேர்க்காமல் 1,22,000 ரூபாய் வரவு.

செலவில் மளிகை, காய்கறி, கேஸ் உட்பட மாதம் 6,000 வீதம் 72,000. படிப்புக்கு 30,000. துணிமணி, பெட்ரோல், போன், பஸ் எல்லாம் 30,000. பண்டிகை, திருவிழா, மொய் 20,000. வைத்தியம் 15,000. மகளிர் குழுக் கடன் தவணை 12,000. மொத்தம் 1,79,000 ரூபாய். அதாவது, சாகுபடிச் செலவு போக நிலம் 57,000 ரூபாய் கொடுத்தால்தான் வரவும் செலவும் சமமாகும்.

அந்த ஆண்டு நிலம் 1,60,000 கொடுத்தது. அதனால்தான் 1,03,000 மிஞ்சியது. அதற்கு முந்தைய ஆண்டு நிலத்து வருமானம் 1,10,000, மிச்சம் 53,000. அதற்கும் முந்தைய ஆண்டு அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நெல் சாய்ந்தது, பிடுங்கிப் போட்ட மணிலா செடியிலேயே முளைத்தது. நிலம் கொடுத்தது 40,000 மட்டும். குடும்பத்துக்கு 17,000 ரூபாய் துண்டு விழுந்தது. மனைவியின் தோடு அப்போது அடகுக்குப் போய் எட்டு மாதம் கழித்துத்தான் திரும்பியது.

மூன்று ஆண்டையும் கூட்டினால் மிச்சம் 1,39,000. மோட்டார் காயில் எரிவது, மாடு நோவில் விழுவது போன்றவற்றுக்கு ஆண்டுக்கு 10,000 ஒதுக்கினால் நிற்பது 1,09,000. அதை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,000 ரூபாய்க்குச் சற்று மேல். அந்தக் குடும்பத்தின் உண்மையான சக்தி அவ்வளவுதான். ஒரே ஒரு நல்ல வருஷம் அதை 8,583 என்று காட்டிவிட்டது.

மழை பொய்த்தாலும் தவணை நிற்காது

மாதச் சம்பளக்காரர் தவணை கட்டுவதற்கும் விவசாயி தவணை கட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. விவசாயிக்கு வருமானம் வருஷத்தில் இரண்டு, மூன்று முறை மொத்தமாக வருகிறது. தவணையோ மாதம் தவறாமல் வருகிறது.

மழையில் விளைச்சல் போன அந்த ஆண்டில் இந்த 8 லட்சம் கடனும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தவணை மட்டும் 97,368 ரூபாய். ஏற்கெனவே விழுந்த 17,000-ஐயும் சேர்த்தால் 1,14,000 ரூபாய்க்கு மேல் பற்றாக்குறை. அதை அடைக்க முதலில் விற்கப்படுவது மாடு. மாடு போனால் மாதா மாதம் வரும் பால் பணமும் போய்விடும். 15 ஆண்டில் அந்தக் கடனுக்கு வட்டியாக மட்டும் 6,60,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும் என்பது தனிக் கணக்கு.

இன்னொரு தவறும் கிராமங்களில் அடிக்கடி நடக்கிறது. கூட்டுறவு சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் சிமென்டாகவும் கம்பியாகவும் மாறிவிடுகிறது. உரிய தேதிக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. தவறினால் வட்டியும் உண்டு, அடுத்த பட்டத்துக்குக் கடன் கிடைப்பதும் சிரமம். பிறகு விதைக்கும் உரத்துக்கும் கந்துவட்டிக்காரரிடம் நிற்க வேண்டிவரும். விதைக்கு வைத்த பணமும் உரத்துக்கு வைத்த பணமும் வீட்டுக்கணக்கில் சேரவே கூடாது.

சதுர அடிக் கணக்கில் வராதவை

மேஸ்திரி சொல்லும் சதுர அடி ரேட்டில் எது அடங்கும், எது அடங்காது என்பதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மனையை மேடாக்க மண், கழிவறைத் தொட்டி, மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், திட்ட அனுமதிச் செலவு, புதுமனை புகுவிழா ஆகியவை பெரும்பாலும் தனி. கம்பி, சிமென்ட், எம்-சாண்ட் விலையும் வேலை முடிவதற்குள் ஏறிவிடலாம். மொத்த மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்காவது கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. ஊர் ஓரங்களில் லிண்டல் மட்டத்தில் நின்றுபோய், கம்பி துருவேறி நிற்கும் வீடுகளில் பலவும் 'மீதியைப் பார்த்துக்கலாம்' என்று தொடங்கியவைதான். அதில் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது, குடியிருக்கவும் முடியாது.

ஒரு வருஷம் ஒத்திகை

அந்தக் குடும்பம் வேலையை ஓராண்டு தள்ளி வைத்தது. கடன் வாங்கிவிட்டதுபோலவே நினைத்து, மாதம் 3,000 ரூபாயை வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பில் கட்டத் தொடங்கினார்கள். பன்னிரண்டு மாதத்தில் ஒன்பது மாதம் கட்ட முடிந்தது. ஜூனில் கல்லூரிக் கட்டணம் வந்தது. ஐப்பசியில் ஒரு மாடு வற்றியதால் இரண்டு மாதம் தவறியது. சேர்ந்தது 27,000 ரூபாய். நோட்டில் 3,000 என்று தெரிந்த சக்தி, நடைமுறையில் மாதம் 2,250-தான் என்று புரிந்தது. அதை வங்கிக் கடன் இல்லாமலே தெரிந்துகொண்டதுதான் லாபம்.

இதற்கிடையே கலைஞரின் கனவு இல்லம் திட்டப் பட்டியலில் அவர்கள் பெயர் வந்தது. குடிசையில் வசிப்பவர்களுக்காக 2024-25-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய் உதவி கிடைக்கிறது. பணம் மொத்தமாக வராது. வேலை ஒவ்வொரு கட்டமாக முடிய முடியத்தான் விடுவிக்கப்படும். எனவே அஸ்திவாரம் போடுவதற்குக் கையில் சொந்தப் பணம் இருந்தாக வேண்டும்.

இப்போது அவர்களது கணக்கு இது. அரசு உதவி 3,50,000. கையிருப்பு 3 லட்சத்தில் 50,000 ரூபாயை அவசரத்துக்கு நிறுத்திவிட்டு 2,50,000. தொடர் வைப்பில் 27,000. வங்கிக் கடன் 1,50,000. ஆக மொத்தம் 7,77,000 ரூபாய். 360 சதுர அடிக்கு 7,20,000 போக, 57,000 ரூபாய் கழிவறைத் தொட்டிக்கும் மின் இணைப்புக்கும். கடனை 10 ஆண்டில் கட்டினால் தவணை 1,900 ரூபாய். ஒத்திகையில் தெரிந்த 2,250-க்குள் அது அடங்குகிறது. நகை அடகுக்குப் போகவில்லை, மாடுகளும் கொட்டகையில்தான் இருக்கின்றன.

800 சதுர அடி 360 ஆனதில் கணவருக்குக் கொஞ்சம் மனக்குறை இருந்தது. "மழை பேஞ்சா ஒழுகாத கூரை இருந்தாப் போதும்டா. மீதியை உன் புள்ள கட்டிக்குவான்" என்றார் தாய். பின்னால் மகன் வேலைக்குப் போனால் பக்கவாட்டில் அறை சேர்க்கத் தோதாக மனையின் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு, கோடை அறுவடை முடிந்ததும் வானம் தோண்டத் தேதி குறித்திருக்கிறார்கள்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. குறைந்தது மூன்று ஆண்டு வரவு செலவை எழுதுங்கள். அதில் விளைச்சல் கெட்ட ஒரு ஆண்டு கட்டாயம் இருக்க வேண்டும்.

2. தவணை, மாதா மாதம் வரும் பால் பணத்துக்கும் கூலிக்கும் உள்ளாக அடங்குமா என்று பாருங்கள். அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை கட்ட வழி உண்டா என்று வங்கியில் கேளுங்கள்.

3. மனைப் பட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா, ஊராட்சியில் திட்ட அனுமதிக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் முடியுங்கள். பத்திரம் சரியில்லாமல் வங்கி கைவிரித்தால் அதிக வட்டிக் கடனைத்தான் தேட வேண்டியிருக்கும்.

4. அடுத்த பட்டத்துக்கான விதை, உரம், ஆள் கூலியையும், மூன்று மாதக் குடும்பச் செலவையும் தனியே எடுத்து வையுங்கள். மீதி உள்ளதே வீட்டுக்கான பணம்.

5. அடுத்த நான்கைந்து ஆண்டில் மகள் கல்யாணம், மகன் படிப்பு என்று பெரிய செலவு ஏதும் வருமானால் அதையும் இப்போதே கணக்கில் எழுதுங்கள்.

6. ஓராண்டு ஒத்திகை பாருங்கள். தவணைப் பணத்தைச் சேமிக்க முடியாத குடும்பத்தால் தவணையைக் கட்டவும் முடியாது.