தட்டலும் சொடுக்கலும்: கைப்பேசிப் பட்டியல் உருப்படிகளும் தமிழ் வினைவடிவமும்

கைப்பேசிச் செயலிகளின் திரைகள் பெரும்பாலும் பட்டியல்களால் ஆனவை. தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், பாடல்கள், நூலக நூல்கள், வங்கிக் கணக்கின் வரவு செலவு ஆகிய யாவும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பெற்ற வரிசைகளாகவே தோன்றுகின்றன. வரிசையொன்றில் விரல் பட்டதும் மடல் திறக்கிறது, பாடல் ஒலிக்கிறது, அழைப்பு போகிறது. இம்மறுவினை தானே நிகழ்வதன்று. செயலியை எழுதும் நிரலாளர் ஒவ்வொரு வரிசைக்கும் அதனைக் கற்பித்தாக வேண்டும். அவ்வாறு கற்பிக்கும்போது அவர் ஓரிரு ஆங்கிலச் சொற்களையும் வரிசையோடு சேர்த்து எழுதிவைக்கிறார். அச்சொற்கள் பின்னர் மொழிபெயர்ப்பாளரிடம் தனித்தனிச் சொற்களாக, சூழல் ஏதுமின்றி வந்து சேர்கின்றன. அவை எவ்விடத்தில், யார் குரலில் ஒலிக்கப்போகின்றன என்பதை அறியாமல் தமிழாக்கும்போது விளையும் பிழை, திரையைக் கண்ணால் பார்ப்போருக்கு ஒரு சிறிய உறுத்தல். திரையைச் செவியால் படிக்கும் பார்வையற்றோருக்கோ அது வழிமறிப்பு. அப்பிழையின் தோற்றுவாயை நிரலமைப்பிலிருந்தே தொடங்கி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைச் சார்ந்தவை.

வரிசையும் விரலும்

இயங்குதளம் ஆயத்தமாகத் தரும் எளிய பட்டியலில் ஒரு வரிசைக்கு ஓரிரு தொடர்கள் மட்டுமே இருக்கும். நடைமுறையில் அது போதுவதில்லை. நூலகச் செயலி ஒன்றை எடுத்துக்கொண்டால், ஒரு வரிசையில் அட்டைப்படம், நூலின் பெயர், ஆசிரியர் பெயர், விருப்பக் குறியிடும் பொத்தான் என நான்கு உறுப்புகள் வேண்டியிருக்கும். இவ்வாறு நிரலாளர் தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளும் வரிசையைத் தனியமைப்பு உருப்படி எனலாம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விரல் ஒன்று, அதனை ஏற்கக் காத்திருக்கும் உறுப்புகள் பல.

2008-இல் ஆண்ட்ராய்டு வெளிவந்தபோதே உடன்வந்த பழைய பட்டியல் கருவியில், எல்லா வரிசைகளுக்கும் பொதுவாக ஒரே 'கேட்பான்' அமர்த்தப்பட்டது. எந்த வரிசை தட்டப்பட்டாலும் அதன் இட எண்ணோடு கேட்பானுக்குச் செய்தி போகும். ஆனால் வரிசைக்குள் ஒரு பொத்தானை வைத்துவிட்டால் அது குவியத்தைத் தனக்கெனப் பற்றிக்கொள்ளும். அதன்பின் வரிசையின் பிற பகுதியைத் தட்டினாலும் பொதுக் கேட்பானுக்குச் செய்தி போவதில்லை. பொத்தானைக் குவியம் பெறாததாக அறிவிப்பது, அல்லது உள்ளுறுப்புகள் குவியம் பெறுவதை வரிசை மட்டத்திலேயே தடுப்பது இதற்கு வழக்கமான தீர்வு. இதனால் பொத்தான் தட்டலை இழப்பதில்லை. குவியத்தை மட்டுமே இழக்கிறது. குவியம், தட்டல் ஆகிய இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்த வழிகாட்டியைப் படிக்கும் மாணவர் இவ்விடத்தில் திகைப்பது உறுதி.

2014-இல் அறிமுகமான மறுசுழற்சிப் பட்டியலில் அத்தகைய பொதுக் கேட்பான் இல்லை. ஒவ்வொரு வரிசைக்கும் அதன் கேட்பானை நிரலாளரே அமர்த்த வேண்டும். இங்கு மற்றொரு நுட்பம் உண்டு. ஆயிரம் நூல்கள் இருந்தாலும் ஆயிரம் வரிசைச் சட்டங்கள் உருவாக்கப்படுவதில்லை. திரையை நிரப்பத் தேவையான சிலவே உருவாகின்றன. மேலே உருண்டு மறைந்த சட்டம், கீழே வேறொரு நூலைத் தாங்கி மீண்டும் வருகிறது. ஆகவே சட்டம் ஒன்று தன்னை 'மூன்றாவது' என முன்கூட்டியே குறித்துவைத்துக்கொண்டால், பட்டியல் மாறியபின் அது பொய்யாகிவிடும். ஒரு நூலைத் தட்ட மற்றொரு நூல் திறக்கும். இட எண்ணைத் தட்டிய கணத்தில்தான் கேட்டறிய வேண்டும். மொழியியலாருக்கு இது புதிதன்று. 'இது', 'இவர்' ஆகிய சொற்கள் சொல்லப்படும் கணத்தில்தான் தமக்குரிய பொருளைப் பெறுகின்றன. வரிசைச் சட்டம் ஒரு சுட்டுப்பெயர். அதனை இயற்பெயராகக் கொண்டதே நிரலாளரின் பிழை.

தட்டல் என்னும் அலகு

கண்ணாடியின்மீது உண்மையில் நிகழ்வன விரல் படுதல், நகர்தல், விலகுதல் என்னும் மூன்றே. 'தட்டல்' என்பது இவற்றின்மேல் இயங்குதளம் ஏற்றும் பொருள். பட்ட விரல் மிகச் சிறிய எல்லையைக் கடந்து நகராமலும், ஏறத்தாழ அரை நொடியைக் கடந்து தங்காமலும் விலகினால் அது தட்டல். தங்கிவிட்டால் நீள் அழுத்தம். நகர்ந்துவிட்டால் பட்டியல் அவ்விரலைத் தன் உருளலுக்கென எடுத்துக்கொண்டு, அதுவரை காத்திருந்த வரிசைக்கு 'கைவிடப்பட்டது' என்னும் செய்தியை அனுப்பிவிடும். ஒலிக்கும் ஒலியனுக்கும் உள்ள உறவே இங்கும் காணப்படுகிறது. கால அளவு ஒன்றே பொருளை வேறுபடுத்துவதால் தட்டலும் நீள் அழுத்தமும் குறிலும் நெடிலும் போன்றவை. மாத்திரைக்குக் கண்ணிமைப்பதையும் விரல் நொடிப்பதையும் அளவாகச் சொன்னது தொல்காப்பியம். விரலசைவே காலத்தின் அளவுகோலாக இருந்த மொழியில், இன்று விரலசைவைக் காலத்தால் அளக்க நேர்ந்திருக்கிறது.

இனிச் சொற்களுக்கு வரலாம். ஆங்கிலத்தில் 'கிளிக்' என்பது சுட்டியின் பொத்தான் எழுப்பும் ஒலியைக் குறித்த சொல். தொடுதிரைக்கு அவ்வொலி இல்லை. ஆயினும் நிரலுக்குள் அச்சொல்லே நிலைத்துவிட்டது. நிரலாளர் எழுதுவது 'ஆன்கிளிக்'. அதே செயலைப் பயனருக்குச் சொல்லும்போது எழுதப்படுவது 'டேப்'. இன்னும் கீழ்நிலையில், பகுக்கப்படாத விரற்படுதலைக் குறிக்க 'டச்' என்னும் மூன்றாம் சொல்லும் நிரலில் உண்டு. தமிழில் விரலைச் சொடுக்குவதும் சாட்டையைச் சொடுக்குவதும் ஒலியெழுப்பும் செயல்கள். ஆகவே சுட்டிக்குச் 'சொடுக்கு' என்பதைத் தேர்ந்தவர் நல்ல செவியுடையவர் எனலாம். தொடுதிரைக்குத் 'தட்டு' பொருந்தும். 'தொடு' என்பதை விரற்படுதலுக்கும், 'அழுத்து' என்பதை நீள் அழுத்தத்துக்கும் ஒதுக்கிவைப்பது தக்கது.

சீர்மை என்னும் பெயரால் இவை நான்கையும் 'தொடு' என ஒன்றாக்கும் வழக்கமும் காணப்படுகிறது. பயனருக்கான அறிவிப்புகளில் அதனால் பெருங்கேடு இல்லை. நிரலாக்க நூல்களில் அது பொருளையே அழித்துவிடும். 'தொடு நிகழ்வை உள்ளுறுப்பு ஏற்காவிடில் அது வரிசையை அடைந்து சொடுக்கு நிகழ்வாக மாறும்' என்னும் விளக்கத்தில் இரண்டு சொற்களையும் ஒன்றாக்கினால் எஞ்சுவது கூறியது கூறலே. ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்னும் கலைச்சொல் நெறி, இரு கருத்துக்கு ஒரு சொல் என்பதாகத் திரிந்துவிடக் கூடாது.

கட்டளை யாருடையது?

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான் ஆண்ட்ராய்டில் டாக்பேக் எனப்படும். அதில் விரலால் திரையைத் தடவினால் அவ்விடத்து உறுப்பு படித்துக் காட்டப்படும். அதனை இயக்க இருமுறை தட்ட வேண்டும். நூலக வரிசையில் விரல் வந்ததும் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் ஒரே தொடராக ஒலிக்கும். பின், இருமுறை தட்டினால் என்ன நிகழும் என்னும் குறிப்பு வரும். வரிசை 'சொடுக்கத்தக்கது' என முறையாக அறிவிக்கப்பட்டிருந்தால்தான் இக்குறிப்பு வரும். நிரலாளர் விரற்படுதலை மட்டும் கவனித்துத் தாமே ஒரு தட்டலைப் புனைந்துகொண்டிருந்தால், திரைபடிப்பான் பெயரைச் சொல்லிவிட்டு அமைதியாகிவிடும். பார்ப்பவருக்கு அது திறக்கும் கதவு. கேட்பவருக்கு வெறும் சுவர்.

குறிப்பில் பொதுவாக வருவது 'இயக்க' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல். அதற்கு மாற்றாக நிரலாளர் தம் வரிசைக்குரிய வினையை அமைக்கலாம். 2021-இல் நிலைபெற்ற கம்போஸ் என்னும் எழுதுமுறையில் சொடுக்கத்தக்கது என்னும் பண்பினை வரிசைக்கு ஏற்றும் இடத்திலேயே இவ்வினையும் எழுதப்படுகிறது. திரைபடிப்பான் 'டபுள் டேப் டு' என்னும் தன் சட்டத்துக்குள் அவ்வினையை வைத்துப் படிக்கிறது. 'ஓபன்' என்று எழுதியிருந்தால் 'டபுள் டேப் டு ஓபன்' என ஒலிக்கும். ஆங்கிலத்தில் ஏவலும் எச்சமும் ஒரே வடிவின; பொத்தானின்மேல் எழுதப்பட்ட சொல்லே குறிப்பின் சட்டத்துக்குள்ளும் மாற்றமின்றிப் பொருந்திவிடுகிறது.

தமிழில் அது பொருந்தாது. பொத்தானின்மேல் 'திற' என எழுதுவது, பயனர் கருவிக்கு இடும் கட்டளை. கருவிக்கு மரியாதைப் பன்மை வேண்டாமையால் 'திற', 'அனுப்பு', 'நீக்கு' என ஒருமை ஏவலே அங்கு இயல்பு. குறிப்போ, கருவி பயனரிடம் பேசுவது. அங்கே 'தட்டவும்' என்னும் மரியாதை வடிவம் வேண்டும். ஒரே தொடரில் இவ்விரண்டும் சேரும்போது முன்னது செய என்னும் வாய்பாட்டு எச்சமாதல் வேண்டும்: 'திறக்க, இருமுறை தட்டவும்.' சொற்பட்டியலில் 'ஓபன்' என்பதைக் கண்டவுடன் 'திற' என எழுதிய மொழிபெயர்ப்பாளர் பிழை செய்தவரல்லர். ஆயினும் கேட்பவர் செவியில் விழுவது 'திற இருமுறை தட்டவும்' என்பதே. கட்டளையிட்டது யார், பெற்றது யார் என்பது அதில் குலைந்துவிடுகிறது.

சட்டத்திலேயே 'க்க' என்னும் ஈற்றைச் சேர்த்துவிட்டால் என்ன என்று நிரலாளர் கேட்பதுண்டு. 'திற' திறக்க ஆகும். 'அனுப்பு' அனுப்ப ஆகும். 'கேள்' கேட்க ஆகும். 'பகிர்' பகிர ஆகும். ஒரே ஈறு எல்லாவற்றுக்கும் ஏற்காது. அதனினும் இடர் தருவன இருவகைத் திரிபுடைய வினைகள். 'அழி' என்பது தன்வினையில் அழிய, பிறவினையில் அழிக்க. 'படி' என்பது படியவும் ஆகும், படிக்கவும் ஆகும். 'வை' என்பதை மரபறியாத நிரல் 'வைய' எனத் திரித்தால், கோப்பினை வைக்கச் சொன்ன செயலி கோப்பினை ஏசச் சொல்லும். வினைப்பகுதியிலிருந்து எச்சத்தைக் கணிக்கப் பொருளறிவு தேவை. சட்டத்துக்கு அது இல்லை. ஆகவே ஏவலுக்கு ஒன்றும் எச்சத்துக்கு ஒன்றுமாக இரு தனிச் சொற்பதிவுகளை நிரலாளரிடம் கேட்டுப் பெறுவதே வழி. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாயிருப்பதால், மிகை எனக் கருதி இணைத்துவிடும் இயல்பு நிரலாளருக்கு உண்டு. பதிவின் விளக்கக் குறிப்பில் 'இது பொத்தானுக்கு', 'இது திரைபடிப்பானுக்கு' என எழுதிவைத்தால் இணைப்பு நேராது.

ஆப்பிள் நிறுவனத்தின் வாய்ஸ்ஓவர் இதே பணியை வேறு வகையில் செய்கிறது. அங்கே குறிப்பு ஒரு தனித் தொடர். அது ஏவலாக அமையாமல், விளைவைப் படர்க்கையில் கூறுவதாக அமைய வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் நெறி. 'பாடலை இசைக்கும்', 'மடலைத் திறக்கும்' எனச் செய்யும் என்னும் வாய்பாட்டு முற்றால் அதனைத் தமிழில் இயல்பாகச் சொல்லிவிடலாம். இவ்வோரிடத்தில் இரு இயங்குதளங்களுக்கும் ஒரே மொழிபெயர்ப்பை வழங்கிச் செலவைக் குறைக்கும் பழக்கம் தமிழுக்குக் கேடாகவே முடிகிறது.

வேற்றுமை ஏற்கும் வெற்றிடம்

உருப்படியின் பெயரையும் குறிப்பில் சேர்க்க வேண்டுமென நிரலாளர் விரும்பும்போது சிக்கல் இரட்டிக்கிறது. பெயருக்கென ஒரு வெற்றிடம் விடப்படும். இயங்கும்போது அதில் பெயர் வந்து அமரும். 'கலா' கலாவை ஆகும். 'தேவி' தேவியை ஆகும். 'குமார்' குமாரை ஆகும். 'மரம்' என்னும் நூலோ மரத்தை எனச் சாரியை பெறும். வெற்றிடத்தை அடுத்து 'ஐ' என்று மட்டும் எழுதிவைத்தால் 'கலாஐ' எனத் திரையில் நிற்கும். 'என்பதை', 'என்பவரை' என்னும் சொற்களை இடையில் நிறுத்துவது மொழிபெயர்ப்பாளர் கண்ட நல்ல தீர்வு. 'மரம் என்பதைத் திறக்க' என்பதில் பெயர் திரிபின்றி நிற்கிறது. உருபை 'என்பது' தாங்கிக்கொள்கிறது. அடுத்துவரும் வினை மாறாதாகையால் வல்லினம் மிகுவதும் பிழையின்றி அமைகிறது. நடை சற்று அலுவலகத் தன்மை பெறுவது மெய்யே. செவியால் மட்டும் படிப்பவருக்கு, பெயர் எங்கு முடிகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுவதால் அவ்விறுக்கம் ஏற்கத்தக்கது.

இட எண் பற்றியும் ஒன்று குறிப்பிட வேண்டும். 'பன்னிரண்டில் மூன்றாவது' எனத் திரைபடிப்பான் வரிசையின் இடத்தைச் சொல்ல நேரும்போது, ஆங்கிலத்தில் மூன்று முன்னும் பன்னிரண்டு பின்னுமாக வரும். வெற்றிடங்களுக்கு எண்ணிட்டிருந்தால் தமிழில் அவற்றை முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம், வரிசைமுறையால் இடரில்லை. ஆனால் '12-இல் 3' என எழுதினால் பேச்சொலிப்பான் எண்ணையும் உருபையும் பிரித்து, 'பன்னிரண்டு இல் மூன்று' எனப் படிக்கக்கூடும். 'இல்' இங்கே இன்மைப் பொருள் தந்து மயக்கும். 'மொத்தம் 12, இது 3' என்றால் உருபும் இல்லை, மயக்கமும் இல்லை.